ஒற்றைப்படை இவருக்கு, இரட்டைப்படை அக்காவுக்கு

அப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இவ்வளவு புத்தகத்தையும் படிச்சிட்டீங்களா?" அடுத்ததாகக் கேட்பது, "நடுவுல ஏன் இடம் விட்டு அடுக்கியிருக்கீங்க?" முதல் கேள்விக்கு என் வீட்டுக்காரர் தலையாட்டுவார். இரண்டாவது கேள்வி வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். பதில் சொல்லும் வேலை என் தலையில்தான் விழும். எனக்கென்ன, சொல்லக் கசக்குமா? நான் பார்லரில் முடி வெட்டுகிறவள். கத்தரி ஓடினால் கூடவே வாயும் ஓடும். என் வயிற்றில் எதுவும் தங்காது என்று என்னைப் பெற்றவளே சொல்வாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் மொட்டை மாடிக்கும் மேலே ஒரு மோட்டார் அறை இருக்கும். அங்கேதான் அவருடைய பாதி வாழ்க்கை. மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் கையில் இருக்கிற கிரீஸைத் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, நகக்கண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். என்னைத் தொடுவதற்கு முன் ஒருநாளும் அப்படிக் கழுவியதில்லை.

அவருக்குப் புத்தகம் என்றால் தொடர் நாவல்தான். டிராகன் இருக்க வேண்டும், மந்திரம் இருக்க வேண்டும், யாராவது சிம்மாசனத்தைத் தொலைத்திருக்க வேண்டும், முதல் பக்கத்தில் இல்லாத ஊருக்கு ஒரு வரைபடம் இருக்க வேண்டும். ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும் கதையைப் பார்த்தால், "இது என்ன, பஸ் டிக்கெட் மாதிரி" என்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயரே டிராகன். "டிராகன், பக்கத்துக் கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு, பறந்து வா" என்று போன் வரும். இவர் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவார்.

வாங்கி வந்த புத்தகத்துக்குக் கண்ணாடித்தாளில் அட்டை போடுவார். ஒரு தொடரின் முதுகுகள் எல்லாம் ஒரே உயரமாக நிற்க வேண்டும். ஒருமுறை பதிப்பாளர் நாலாவது புத்தகத்தை அரை விரல் உயரமாக அச்சடித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரிடம்? என்னிடம்! நானா அச்சடித்தேன்?

இத்தனை தொடர்களில் ஒன்றுதான் அவருடைய உயிர். ஒன்பது நதிகளின் கதை, நதிக்கொரு புத்தகம். நாடு கடத்தப்பட்ட ஒரு இளவரசியை ஓர் ஓடக்காரன் நதிக்கு நதி கடத்திக்கொண்டு போகிறான். இது அவர் தனியாகச் சேர்த்ததில்லை. அவருடைய அக்கா, அதாவது எனக்கு அண்ணி, அவரும் இவருமாகச் சேர்த்தது. ஒற்றைப்படை வந்தால் தம்பி வாங்க வேண்டும், இரட்டைப்படை வந்தால் அக்கா. வாங்கியவர் முதலில் படிக்கலாம். படித்து முடித்ததும் அவரே மற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றவர் படித்து முடித்ததும் புத்தகம் வாங்கியவர் அலமாரிக்கே திரும்பிவிடும். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் போட்ட ஒப்பந்தம். இரண்டு பேருக்கும் தலையில் நரை விழுந்த பிறகும் மாறவில்லை.

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் பிரேமைப் பொருத்தி, காதோரம் வளைத்துக் கொடுப்பார். புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் வைக்கிற காப்பி ஆறிப்போகும். அக்காவும் தம்பியும் சோபாவில் உட்கார்ந்து அந்த ஓடக்காரனைப் பற்றி, அவன் என்னவோ சொந்தக்காரன் மாதிரிப் பேசுவார்கள். "அவன் ஒருத்தன்தான்டா அந்தக் கதையில யாருக்கும் கும்பிடு போடாதவன்" என்பார் அண்ணி. அந்த ஓடக்காரன்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கிண்டல் செய்வேன். அண்ணன் என்றால் அண்ணியின் வீட்டுக்காரர், பாவம், அவர் செய்தித்தாள்கூடப் படிக்க மாட்டார்.

எல்லோரும் வீட்டுக்காகவும் நகைக்காகவும் சண்டை போடுவார்கள். இவர்கள் சண்டை போட்டதைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போயிருந்த சமயம். யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்து, அண்ணி வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது.

"உனக்கு உன் லிஃப்ட்டும் புத்தகமும் போதும்டா. அப்பா எக்கேடு கெட்டா உனக்கென்ன?"

இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மாமனாரைக் குளிப்பாட்டிவிட்டு அப்போதுதான் வந்து நின்றவர், கையில் ஈரத்துண்டுகூட இருந்தது. பதிலுக்கு எதையாவது எடுத்து வீசியிருந்தாலும் பரவாயில்லை.

"உன் ஓடக்காரன் செத்துட்டான்" என்றார். "ஏழாவதுல. கடைசிப் பக்கத்துல. முதுகுல அம்பு பாய்ஞ்சு ஆத்துல விழுந்துட்டான்."

ஏழாவது புத்தகம் ஒற்றைப்படை, இவருடையது. அந்த வாரம்தான் படித்து முடித்திருந்தார். அண்ணி இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

காது மந்தமான என் மாமனார் கட்டிலில் இருந்து, "யாரு செத்தா? யாரு செத்தா?" என்று பதறினார். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இல்லாத ஓடக்காரன் இல்லாத ஆற்றில் விழுந்ததற்கு இவ்வளவா என்று. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பிறகு மாமனார் போனபோதுகூட இவர் ஒரு மூலையில் நின்றார், அண்ணி இன்னொரு மூலையில் நின்றார்.

ஏழாவது புத்தகம் எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. நடுவில் அக்காவின் புத்தகங்களுக்கான இடம், பல் விழுந்த வாய் போல. "கடையில கிடைக்குதே, ரெண்டு, நாலு, ஆறு எல்லாத்தையும் வாங்கி அடுக்கிடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அது அக்காவோடது" என்றார். "சரி, அப்ப ஏழாவதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க, அந்தச் சாக்குல பேசின மாதிரியும் இருக்கும்" என்றேன். "வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்." அங்கே அண்ணியும், "அவனே கொண்டுவரட்டும்" என்று தன் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ரெண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

அந்தப் பெண் மட்டும் இரண்டு வீட்டுக்கும் வந்து போய்க்கொண்டிருந்தாள். எட்டாவது புத்தகம் வெளியானதும் அவள்தான் வந்து சொன்னாள்.

"மாமா, அம்மா எட்டாவதை வாங்கிட்டாங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "முறைப்படி வாங்கிட்டாளா?" என்று கேட்டு, அதையே திரும்பவும் ஒருமுறை கேட்டார். ஒன்பதாவது வந்தபோது இவர் முதல் ஆளாகப் போய் வாங்கினார். எட்டாவதைப் படிக்காததால் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு புதுப்பழக்கம் வந்தது. போனைக் கையை விட்டு இறக்க மாட்டார். குளியலறைக்குக்கூடக் கொண்டுபோவார். மணி அடித்தால் பாய்ந்து எடுத்து, பேரைப் பார்த்து, தொங்கிப்போன முகத்தோடு பேசுவார். வேலையில் ஏதோ பதவி உயர்வு வரப்போகிறது போலிருக்கிறது என்று நான் பார்லரில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

போன் வந்தது. அண்ணியின் பெண்தான் பேசினாள். கடையில் யாருக்கோ கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்த அண்ணி, ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாராம். அப்படியே போய்விட்டார்.

அப்போது இவர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, போனைப் பையில் போட்டுவிட்டு, கதவின் சென்சாரை மாட்டி முடித்து, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார் என்று கூட இருந்தவர் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "ஏங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டே விட்டேன்.

"கதவு பாதியில நின்னா யாராவது மாட்டிக்குவாங்க" என்றார்.

அங்கே போயும் அழவில்லை. பிடித்து வைத்த பொம்மை மாதிரி நின்றார். மறுநாளே வேலைக்குப் போனார். வைத்ததைச் சாப்பிட்டார். உப்புப் போட மறந்த அன்றைக்கும் சாப்பிட்டார். பழைய புத்தகக் கடைக்காரர் என்னை வழியில் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்குன்னு ஒரு தொடர் முழுசா எடுத்து வெச்சிருக்கேன், ஆளையே காணோமே" என்றார். சொன்னேன். கேட்டும் இவர் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை. எனக்கும் அதே கதிதான். எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. பார்லரில் பேசாமல் முடி வெட்டினேன். வாடிக்கைக்காரி ஒருத்தி, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் மரத்துப்போயிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அண்ணியின் பெண் ஒரு துணிப்பையோடு வந்தாள். "அம்மாவோட நதிப் புத்தகம், மாமா. உங்ககிட்ட இருக்கிறதுதான் சரி" என்றாள். இவர் தலையாட்டினார். பையைத் திறந்து பார்க்கவில்லை. அது ஷூ அலமாரிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் நான் நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

ஒருநாள் காலை பார்லருக்கு விடுமுறை. பையை நகர்த்தும்போது காலில் இடித்துக்கொண்டேன். வந்ததே எனக்கு ஆத்திரம்! இந்தப் பாழாய்ப்போன புத்தகங்களால்தானே எல்லாம் என்று, ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் சொருகினேன். இரண்டு, நாலு, ஆறு. எல்லாம் கைபட்டுத் தளர்ந்திருந்தன. எட்டாவது மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. கடையில் சுற்றிக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது இதற்குள் என்று உறையைக் கிழித்தேன். இந்த மாதிரிக் கதையை நான் அதுவரை ஒரு வரி படித்ததில்லை. நின்றுகொண்டே முதல் அத்தியாயத்தைப் படித்தேன். ஆற்றங்கரையில் ஒரு மீன்காரி வலையை இழுக்கிறாள். வலையில் மீனோடு ஒரு மனிதன். முதுகில் அம்பு. கண்ணைத் திறந்து, "என் ஓடம் எங்கே?" என்று கேட்கிறான்.

நான் ஓடினேன். இவர் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! அவன் சாகலைங்க! உங்க ஓடக்காரன் உயிரோட இருக்கான்!"

ஒரு காலில் கயிறு கட்டியாகிவிட்டது. இன்னொரு காலின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ஒன்பதாவதோட பின்னட்டையிலயே போட்டிருக்கான், ஓடக்காரனோட கடைசிப் பயணம்னு. வாங்கின அன்னிக்கே பார்த்துட்டேன்."

எனக்கு எங்கே இருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "அப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அக்கா, அவன் சாகலைன்னு! ஒரு வார்த்தை!"

"அதுவும் கதையச் சொல்றதுதானே? ஒரு தடவை சொன்னதுக்கே இத்தனை வருஷம் பேசல. அவ படிக்கிறதுக்கு முந்தி மறுபடியும் நான் எப்படிச் சொல்வேன்?" கயிற்றில் முடிச்சுப் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "எட்டு அவகிட்டதான் இருந்துச்சு. படிச்சதும் சிரிச்சுக்கிட்டே போன் பண்ணுவான்னு பார்த்தேன். பண்ணல. படிச்சும் பண்ணலைன்னா என்ன அர்த்தம்? மனசு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதான் நானும் விட்டுட்டேன்."

அந்தப் போனைக் குளியலறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கையில் கிழிந்த பிளாஸ்டிக் உறை இருந்தது. அதை உள்ளங்கைக்குள் சுருட்டினேன். என் வயிற்றில் எதுவும் தங்காது என்றேனே, இது ஒன்றாவது தங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சுருட்டினால் அந்தச் சனியன் மொறுமொறுவென்று சத்தம் போடும்.

"கையில என்ன?"

"உறைங்க. புத்தகத்தோடது."

"எந்தப் புத்தகத்தோடது?"

"எட்டாவதோடது. இப்பதான் நான் பிரிச்சேன்." அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணி பிரிக்கவே இல்லைங்க."

கையை நீட்டினார். கொடுத்தேன். அதைத் தொடைமேல் வைத்து, கட்டைவிரலால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தார், அட்டை போடுவதற்கு முன் நீவுகிற மாதிரியே. விலை ஒட்டியிருந்த சீட்டு ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது.

"ஏழு இல்லாம எட்டை எப்படிப் படிப்பா" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"படிச்சு முடிச்சவங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார் அவர். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஏழு என் முறை."

போன் அடித்தது. அது அவருக்குப் பக்கத்திலேயே இருந்தும் அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். "டிராகன், லிஃப்ட் நின்னுபோச்சு, எங்க இருக்க?" என்றது ஒரு குரல். அவர் இன்றைக்கு வரமாட்டார் என்று சொல்லி வைத்தேன்.