தழும்பில்லாத முழங்கால்

தம்பிஐயா பயந்தவர் என்று சொல்ல வல்வெட்டித்துறையில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. பதினாறு வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர். இயந்திரம் நின்றுபோன வள்ளத்தில் மூன்று நாள் கிடந்து, நாலாம் நாள் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக வெற்றிலை கேட்டவர். சுனாமி அன்று எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி ஓட, இவர் மட்டும் திரும்பிப் போய் இரண்டு பேரைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தார். அப்படிப்பட்ட மனிதர் தன் அறுபத்தெட்டாவது வயதில், கக்கூசுக்குப் போகிறேன் என்று தாதியிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து ஓடிவந்தார். ஓடினார் என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். அந்த முழங்காலோடு நொண்டித்தான் வந்தார்.

ஐம்பது வருசம் வள்ளத்தை மணலில் தள்ளி ஏற்றிய கால். முழங்கால் சிரட்டைக்குள் இருந்ததெல்லாம் தேய்ந்து, வலது கால் வில்லாக வளைந்துவிட்டது. கிளினிக்குக்கு நடந்து நடந்து இரண்டு வருசத்துக்குப் பிறகு சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தது. மனைவி பத்மாசினி ஒரு கலியாண வீட்டுக்கு ஆயத்தம் செய்வதுபோல் ஆயத்தம் செய்தாள். கட்டிலை அறையிலிருந்து விறாந்தைக்கு மாற்றி, அதன் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினாள். குந்தியிருக்க ஏலாது என்பதால் கொமேட் கதிரை வாங்கினாள். அம்மன் கோயிலில் அவருடைய பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனைக்குச் சொன்னாள். இதையெல்லாம் ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் அறிவித்தும் முடித்தாள்.

கெடுத்தது பக்கத்துக் கட்டில்காரன். மற்றக் காலுக்கும் செய்ய வந்திருந்த அனுபவசாலி. முதல் நாள் பின்னேரம் தோடம்பழம் உரித்துக்கொண்டே சொன்னான்.

"இடுப்புக்குக் கீழைதான் விறைக்கப் பண்ணுவினம், ஐயா. நீங்கள் முழிச்சுக்கொண்டுதான் கிடப்பியள். வாளாலை அறுக்கிறதும் சுத்தியலாலை அடிக்கிறதும் வடிவாக் கேக்கும். நோகாது. கேக்கும், அவ்வளவுதான்."

வள்ளம் கட்டுகிற இடத்தில் கேட்கிற சத்தம் தன் காலிலிருந்து வரப்போகிறது என்பதைத் தம்பிஐயாவால் தாங்க முடியவில்லை. கடல் அடித்தால் திருப்பி ஏதாவது செய்யலாம். இங்கே மல்லாந்து கிடந்து கேட்க மட்டும்தான் வேணும். விடிந்ததும் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்தத் திகதிக்காக ஏங்கிக்கொண்டு வேறொரு நோயாளி எங்கோ இருந்திருப்பார் என்ற நினைப்பு நெல்லியடி தாண்டித்தான் வந்தது. வந்தும் அவர் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போக முகமில்லை. உடுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி வீட்டில் போய் ஒளித்தார். வாட்டிலிருந்து பத்மாசினிக்குத் தொலைபேசி போனது, அர்ச்சனைத் தட்டு அவள் கையிலிருந்தபோதுதான். உடுப்பிட்டிக்கு வந்து நின்று அவள் பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது. பேசி முடித்து அழுதாள்.

"நான் ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன். இனி என்னெண்டு படலையைத் திறக்கிறது?"

ஏழு நாள் கழித்து, சனம் மதியச் சாப்பாட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். நோவெண்ணெய் பூசித் தங்கச்சி சுற்றிவிட்ட வெள்ளைத் துணிப் பந்தம் முழங்காலில் இருந்தது. எதிர்வீட்டு ஜெயகௌரி படலையில் நின்றாள். அப்பம் சுட்டு விற்று ஒற்றை மகள் தாரிகாவைப் படிப்பித்து ஆளாக்கிய கைம்பெண், தம்பிஐயாவுக்கு ஏழு வயது இளையவள்.

"ஒப்பரேசன் முடிஞ்சுதோ, அண்ணை?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது "ஓம்."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். தம்பிஐயாவின் வாய்க்கு ஊரே திரண்டு போசனம் கொண்டுவந்தது. வருத்தம் பார்க்க வந்தவர்கள் பால்மா தகரம், அப்பிள், திராட்சை, பிஸ்கட் என்று விறாந்தை மேசையை நிரப்பினார்கள். உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்து அவற்றையெல்லாம் வாங்கினார். பத்மாசினி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பாள், அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். தனியே இருக்கிறபோது அந்தத் திராட்சையில் ஒன்றைக்கூட அவரால் விழுங்க முடியவில்லை. சந்திக்கடையில் வெற்றிலை வாங்கினால் மனம் கொஞ்சம் ஆறும்போல இருந்தது. ஓட்டோவில் வந்து மூன்றாம் நாள், பந்தத்தோடு, பொல்லும் இல்லாமல் கடைக்கு நடந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சோற்றையாவது ஒழுங்காகப் பரப்பவேண்டும். இவர் அதையும் செய்யவில்லை. ஆனால் ஊர் அதைக் கண்டுபிடிக்காமல் வியந்தது. பத்து நாளில் நடக்கிறாரே, கடலுடம்பு என்றால் கடலுடம்புதான் என்றது. வெட்கத்துக்கு நடுவிலும் அந்தப் புகழ் அவருக்குக் கொஞ்சம் இனித்தது. பிற்பாடு அவரை ஆகக் கூடுதலாகச் சுட்டது அந்த இனிப்புத்தான்.

ஒருநாள் ஜெயகௌரி தட்டில் நாலு அப்பத்தோடு வந்து கதிரை நுனியில் இருந்தாள். அடுப்படியில் குந்திக் குந்தி அவளுடைய முழங்காலும் போய்விட்டிருந்தது. அவளுக்கும் திகதி வந்திருந்தது.

"வேண்டாமெண்டு சொல்லிப்போடுவம் எண்டுதான் இருந்தனான். உங்களைப் பாத்தாப் பிறகு ஒரு தைரியம். உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை, நோகுமோ?"

அறைக்குள் பத்மாசினியின் கைவேலைச் சத்தம் நின்றது.

"எறும்பு கடிச்ச மாதிரித்தான், தங்கச்சி" என்றார் தம்பிஐயா.

அவள் போனாள். சத்திரசிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. ஒரு கிழமையில், நாலு கால் பிடியை ஊன்றி ஊன்றி வீடு வந்து சேர்ந்தாள். அன்று பின்னேரமே தம்பிஐயாவின் விறாந்தைக்கு அவளுடைய குரல் கேட்டது. குதிக்காலைத் துவாயால் இழுத்து முழங்காலை மடிக்கவேண்டும், ஒருநாளைக்கு நாலு தரம். மடிக்காமல் விட்டால் கால் நீட்டினபடியே இறுகிவிடும், பிறகு ஆராலும் திருத்த ஏலாது என்று பயிற்சி கொடுத்த மிஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஜெயகௌரி கத்தினாள். தம்பிஐயா எழுந்து உள்ளே போய் வானொலியைக் கூட்டி வைத்தார்.

ஆறாம் நாள் கத்தல் நின்றது. நோக் குறைந்துவிட்டதாக்கும் என்று நினைத்து மூச்சு விட்டார். பத்மாசினி எதிர்வீட்டிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"அவள் மடிக்கிறதை விட்டுட்டாள். மற்றவைக்கு எறும்பு கடிச்ச மாதிரியாம், தனக்கு உயிர் போகுதாம். தன்ரை காலிலை ஏதோ பிழைச்சுப் போச்சாம், மடிச்சா உடைஞ்சுபோமாம். பெட்டை தாரிகா தாயைப் பேசுறாள், 'எதிர்வீட்டு மாமா பத்தாம் நாள் கடைக்குப் போனவர், நீங்கள் பஞ்சியிலை நடிக்கிறியள்' எண்டு. மிஸ் சொன்னாலும் தாய் நம்பிறாள் இல்லை. உங்களைத்தான் நம்பிறாள்."

தம்பிஐயா வானொலியை நிறுத்தினார்.

"அவளின்ரை கால் போகப்போகுது" என்றாள் பத்மாசினி.

அந்த ஒழுங்கையின் அகலம் ஒரு வள்ளத்தின் நீளம்கூட வராது. அதைக் கடக்க அவருக்கு மறுநாள் பத்துமணி ஆனது. வீட்டில் தாரிகா மட்டும் இருப்பாள் என்று எண்ணிப் போனார். ஆனால் கோயிலடியிலிருந்து வருத்தம் பார்க்க வந்த இரண்டு பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் இருந்தார். அவர்கள் போவதாக இல்லை. கட்டிலில் ஜெயகௌரி காலை நீட்டிக் கிடந்தாள். முழங்காலின் நடுவால் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த கோடு ஓடியது, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள். கண் வீங்கியிருந்தது.

"வாங்கோ அண்ணை. நீங்கள் என்னெண்டு மடிச்சனீங்கள்? எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள். தன் பிழை போல வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

அந்த வெட்கம் அவருடையது. அதைத் தூக்கி அவள் தலையில் வைத்தவர் அவர்தான். தம்பிஐயா கதிரையில் இருந்து சாரத்தை முழங்காலுக்கு மேலே ஒதுக்கினார். பந்தத்தின் நுனியைத் தேடிப் பிடித்துச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினார். கடைசிச் சுற்றும் விழ, வீங்கிக் கோணிய முழங்கால் வெளியே வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"எனக்கு ஒப்பரேசன் நடக்கேல்லைத் தங்கச்சி. நான் பயந்து ஓடி வந்தனான். எறும்பு கடிச்ச மாதிரி எண்டது பொய். நோகுமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

வந்த பெண்களில் ஒருத்தி கோப்பையைக் கீழே வைத்தாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. வெயில் தாழுமுன் இது கடற்கரை வரைக்கும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. தாரிகாவின் முகம் சிவந்தது. தம்பிஐயா தலையைக் குனிந்து, விழப்போகிற பேச்சுக்காகக் காத்திருந்தார்.

ஜெயகௌரி அவருடைய முழங்காலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு நோகிறது எல்லாருக்கும் நோகிற நோதான்" என்றாள் மெல்ல. "என்ரை கால் பிழைச்சுப் போகேல்லை." பிறகு மகளிடம் திரும்பினாள். "அந்தத் துவாயை எடு, பிள்ளை."

அவள் அவரைத் திட்டவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பதினைந்து தரம் மடித்தாள். பதினைந்து தரமும் கத்தினாள். எழுந்து போக ஏலாமல், திறந்த முழங்காலோடு தம்பிஐயா அங்கேயே இருந்து அவ்வளவையும் கேட்டார்.

கிளினிக்கில் வைத்தியர் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசியில் பேரை எழுதினார். பதினொரு மாதம் சென்றது. அதுவரைக்கும் கடற்கரையில் அவரைக் கண்டால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். சிரித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். சத்திரசிகிச்சை நாளில் பத்மாசினி வாட்டு வாசலைவிட்டு நகரவில்லை. உள்ளே அவர் வாளையும் கேட்டார், சுத்தியலையும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வருத்தம் பார்க்க ஆக்கள் குறைவு. மேசையில் ஒரு பால்மா தகரமும் இல்லை. முதலில் வந்தது ஜெயகௌரிதான். பொல்லில்லாமல் ஒழுங்கையைக் கடந்து, தன் பழைய நாலு கால் பிடியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலடியில் வைத்தாள். துவாயை அவருடைய குதிக்காலில் மாட்டி, இழுக்கச் சொன்னாள். இழுத்தார். வாயிலிருந்து வந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"நோகுதோ, அண்ணை?"

கண்ணீர் ஒழுக, அதைத் துடைக்காமல், "ஓம்" என்றார் தம்பிஐயா.