விட்டு விட்டுப் போகும் கோடு

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் புத்தி கிடையாது. காய்கறிக் கடையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தராசைப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். நானோ இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிளான் வரைகிறவளுக்கு இந்தப் புத்தி இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் வரப்பு இடம் மாறிவிடும் என்று வாய் கூசாமல் சொல்வேன்.

நான் வேலை பார்ப்பது பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி ஆபீஸ். கீழே டயர் கடை, மேலே நாங்கள். மூன்று கம்ப்யூட்டர், சுவரோரம் பெரிய தாளில் படம் அச்சடிக்கிற ஒரு பிளாட்டர். வீட்டு பிளானும் வரைவோம், தோப்பு, வயல் பாகப்பிரிவினைக்கு வரைபடமும் போடுவோம். முதலாளி சைட்டுக்குப் போய் அளந்து வருவார். நான் வரைவேன், அச்சடிப்பேன். இது நடக்கும்வரை பதினெட்டு வருஷமாக அந்த பிளாட்டரை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

வரைகிற சாஃப்ட்வேர் வேறு, அச்சடிக்கிற சாஃப்ட்வேர் வேறு. வரைந்த படத்தில் ‘இது பாதைக்கோடு, இது தமிழ் எழுத்து’ என்ற பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தக் கோடு எப்படி ஓட வேண்டும், அந்த எழுத்து எப்படி நிற்க வேண்டும் என்பதெல்லாம் தனி ஃபைல்களில் இருக்கும். அச்சடிக்கும் நேரத்தில் அந்தச் சாஃப்ட்வேர் நாம் காட்டிய ஃபோல்டருக்குப் போய் அவற்றை எடுத்துக்கொள்ளும். எங்கள் ஆபீசில் அந்த ஃபோல்டர் என் கம்ப்யூட்டரில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டருக்கும் அதுதான் பொது. வாய்க்காலுக்கு ஒரு கோடு, முள்வேலிக்கு ஒரு கோடு, பாதைக்கு விட்டு விட்டுப் போகும் ஒரு கோடு, சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் அழகாக உட்காரும் தமிழ் எழுத்து என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து செய்தவள் நான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிளான் ஆபீசில் வேலை பார்த்தவர் பிரிந்து போய்த் தனி போர்டு மாட்டப் போகிறார் என்றால், முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவது இந்தக் கோட்டு ஃபைலையும் எழுத்து ஃபைலையும்தான். கம்பத்திலும் சின்னமனூரிலும் நான் செய்த பாதைக்கோட்டை வேறு ஆபீஸ் முத்திரைக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். கேட்டால் ‘கோடுன்னா கோடுதானக்கா’ என்பார்கள்.

இந்த நிலைமையில்தான் போன வருஷம் ஒருத்தர் புதிதாக வேலைக்கு வந்தார். ராயப்பன்பட்டிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். குமுளிப் பக்கம் பத்து வருஷம் வரைந்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டார். வந்த அன்றே என்னை அக்கா என்றார். நான் அவரை சார் என்றே கூப்பிட்டேன். தம்பி என்று சொல்லிவிட்டால் அப்புறம் சந்தேகப்படச் சங்கடமாக இருக்கும் பாருங்கள்.

சந்தேகப்பட எனக்குக் காரணமா இல்லை? கை சுத்தமான வேலை, அதிகம் பேசமாட்டார். இவ்வளவு வேலை தெரிந்தவர் எதற்கு இங்கே வந்து குறைந்த சம்பளத்துக்கு உட்கார வேண்டும்? அடிக்கடி பழைய ஆபீசிலிருந்து போன் வரும், மலையாளத்தில் பேசுவார். எனக்கு மலையாளம் பாதி புரியும். முழுசாகப் புரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன், ஒன்றுமே புரியாவிட்டாலும் இருந்திருப்பேன். பாதி புரிந்ததால் மீதிப் பாதியை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து, கோட்டு ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, தனக்கும் ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ‘உங்களுக்கு எதுக்கு சார், நான்தான அடிக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அவர் சாப்பிடப் போனதும் முதல் வேலையாக அந்த ஃபோல்டரைப் பூட்டினேன். என் பெயரில் உள்ளே நுழைந்தால் மட்டும் திறக்கும், வேறு யார் பெயரில் வந்தாலும் திறக்காது. முதலாளியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எப்படியும் அச்சடிப்பது நான்தானே என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அப்படிப் பூட்டியதே எனக்கு மறந்துபோனது.

அந்தச் சமயத்தில் தேவதானப்பட்டி அம்மா ஒருத்தருடைய வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. கணவர் இல்லாதவர். அப்பா விட்டுப்போன மாந்தோப்பை அண்ணனும் தங்கச்சியுமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ரோட்டை ஒட்டிய பாதி அண்ணனுக்கு, பின்னால் இருக்கும் பாதி இவருக்கு. அண்ணன் பங்குக்குள் புகுந்துதான் இவர் தன் மரங்களுக்குப் போக முடியும். அந்தப் பாதை பத்திரத்தில் ஏறாவிட்டால் தோப்பு இருந்தும் இல்லாத கதைதான். அந்த அம்மாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது. முதல் தடவை வந்தபோது திரையில் தொட்டுக் காட்டி, ‘இந்தா விட்டு விட்டுப் போகுதுல்ல, இதுதான் ஒங்க பாதை. இத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க’ என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பத்திரத்துக்கு நாலு நாள் இருக்கையில் அந்த அண்ணன்காரரைக் கீழே டீக்கடையில் பார்த்தேன். நம்ம ராயப்பன்பட்டிக்காரரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது போல இருந்தது. நிறுத்தினார்களா, பேசி முடித்திருந்தார்களா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த இரண்டு நாள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்காக நான் லீவு. மொய் எழுதுகிற இடத்தில் நிற்கும்போது அவரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்கிறார் என்று பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதையும் கேட்காமல் விட்டேன். கேட்டால் பார்த்ததாகக் காட்டிவிடும், அப்புறம் பதில் சொல்ல வேண்டும்.

லீவு முடிந்து நான் ஆபீசில் செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் பத்திரம். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார், ராயப்பன்பட்டிக்காரர் உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். ரப்பர் பேண்ட் போட்ட சுருள் ஒன்று என் மேசையில் இருந்தது. நான் இல்லாதபோது அவர் அச்சடித்து வைத்திருக்கிறார். விரித்து நாலு மூலைக்கும் பஞ்சிங் மெஷின், ஸ்டேப்ளர் என்று கிடைத்ததை வைத்தேன். அந்த அம்மா குனிந்து, விரலை ரோட்டில் வைத்து மெதுவாக உள்ளே நகர்த்தினார். திரும்பக் கொண்டுவந்து மறுபடி நகர்த்தினார்.

“என் பாதை எங்கன தாயி?”

நானும் பார்த்தேன். விட்டு விட்டுப் போகும் கோடு தாளில் எங்குமே இல்லை. அண்ணன் பங்குக்குள் வரப்புக் கிழித்த மாதிரி முழுக்கோடுகள் மட்டும் ஓடின. பொதுப்பாதை என்று எழுதியிருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. உடனே என் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்து அச்சடித்தேன். பாதை அழகாக வந்தது, எழுத்தும் வந்தது, எத்தனை அடி என்று படிக்க நான் நிற்கவில்லை. நான் அடித்தால் இருக்கிறது, அவர் அடித்ததில் இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். நாக்கில் சனி. “மூணு நாளைக்கு முன்ன ஒங்க அண்ணன் எங்க ஆபீஸ் ஆளோட டீக்கடையில நின்னு பேசுனாக. நான் பாத்தேன்” என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. செல்லை எடுத்து அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டார். குரல் உயரவே இல்லை. அப்பா இருந்திருந்தால் இப்படிச் செய்வீர்களா என்று கேட்டார். ஆபீசுக்கே வந்து ஆளைப் பிடித்துப் பாதையை அழிக்கச் சொன்னீர்களாமே என்றார். அந்தப் பக்கம் அவர் என்னவோ சொல்ல வந்தார். இவர் கேட்கவில்லை.

“இன்னையோட எனக்கு அண்ணன் இல்ல. வச்சுருங்க” என்றார்.

அரைமணி நேரத்தில் ராயப்பன்பட்டிக்காரர் படியேறி வந்தார். முதலாளியையும் கூப்பிட்டு, அந்த அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இது எப்படி என்று கேட்டேன். நான் கேட்ட தொனியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை.

“அக்கா, முந்தாநாள் அனுப்புன வாய்ஸ் மெசேஜக் கேட்டீகளா?”

கேட்கவில்லை என்றேன். இப்போது கேட்டால் என்ன, எல்லாரும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன். அவர் வாயாலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் போட்டேன். ஆபீஸ் முழுக்க அவர் குரல் கேட்டது.

“அக்கா, தேவதானப்பட்டி படம் முதலாளி அடிக்கச் சொன்னாக, அடிச்சேன். பாதைக்கோடு வரல, எழுத்தும் வரல. ஃபோல்டர் தொறக்கலைன்னு சிவப்புல காட்டுது. செக் பண்றதுக்கு ஒங்க டேபிள்ல வச்சிருக்கேன், யாருக்கும் குடுத்துறாதீக. அப்பறம், அந்தம்மாவோட அண்ணன் வந்திருந்தாக. தங்கச்சி வண்டி திரும்ப எடம் பத்தாதுன்னு பாதைய ரெண்டடி கூட்டிப் போடச் சொன்னாக. அவுக பங்குல இருந்தே எடுத்துக்கச் சொன்னாக. பன்னெண்டடியாப் போட்டுருக்கேன், பாத்துக்கங்க.”

ராயப்பன்பட்டிக்காரர் தன் கம்ப்யூட்டரில் அச்சடித்த பட்டியலைத் திறந்து காட்டினார். நான் இல்லாத இரண்டு நாளில் அவர் பெயரில் அடித்த ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தச் சிவப்பு வரி இருந்தது. அச்சடிக்கிற சாஃப்ட்வேர் கோட்டு ஃபைல் கிடைக்காவிட்டால் நிற்காது. கிடைக்காத கோட்டை முழுக்கோடாக இழுத்துவிட்டு, கிடைக்காத எழுத்தை விட்டுவிட்டு, தாளை வெட்டித் தந்துவிடும். பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த நேரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. நான் பூட்டிய பூட்டுதான் பாதையை எடுத்தது. முதலாளி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘ஃபோல்டரத் தொறந்து விடும்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

திறந்துவிட்டேன். ராயப்பன்பட்டிக்காரர் தன் பெயரில் நுழைந்து மறுபடி அச்சடித்தார். விட்டு விட்டுப் போகும் கோடு ரோட்டிலிருந்து கிளம்பி, அண்ணன் வீட்டை ஒட்டி வளைந்து, பின்தோப்பு வரை வந்தது. பக்கத்தில் பொதுப்பாதை, பன்னிரண்டு அடி என்று என் எழுத்து. அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, ‘தம்பி’ என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. ‘பரவால்லக்கா’ என்று அவர் தாளைச் சுருட்டினார். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை.

அந்த அம்மா அண்ணனை மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. கடைசியில் என் செல்லிலிருந்து நான் கூப்பிட்டேன், எடுத்தார். தப்பு முழுக்க என்னுடையது, யாரும் பாதையை அழிக்கவில்லை, டீக்கடை விஷயத்தையும் நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்கம்மா. பேசுனபடி பன்னெண்டடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துறேன். வேறொண்ணுமில்ல” என்று வைத்துவிட்டார்.

இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னேன். பாதை போகவில்லை, நாளைக்குப் பத்திரத்தில் ஏறிவிடும், பயப்படாதீர்கள் என்றேன். அவர் சுருளை வாங்கிக்கொண்டு, படியிறங்கப் போனவர் நின்றார்.

“பாதை கெடச்சிருச்சு தாயி. அது எங்கண்ணன் வாசல ஒட்டித்தான போகுது. இனி நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அங்கன நடக்க?”