ரிங் வரும் நேரம்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போன் பேசுவதற்கான சாமான் அல்ல, ரிங் அடிப்பதற்கான சாமான். பேசினால் ரீலோட் போட்ட காசு கரைந்துபோகும். ரிங் கொடுத்து, மற்றவர் எடுப்பதற்குள் வெட்டிவிட்டால் ஒரு சதமும் போகாது. அதனால் பெரியவர்கள் எல்லாரும் ரிங்கிலேயே குடும்பம் நடத்தினார்கள். மலையில் வேலை செய்கிற மனைவி ரிங் கொடுத்தால் உலையை வை என்று அர்த்தம். கடைக்காரர் கொடுத்தால் பாண் ரொட்டி வந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை கொடுத்தால், கூப்பிட்டால் வரத் தயார். பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரரின் போன் புல்லுக்குள் விழுந்து தொலைந்தபோது, ஆளுக்கொரு ரிங் கொடுத்து லயமே அதைத் தேடியது. பள்ளிக்கூடத்து ஆங்கிலப் புத்தகத்தில் மட்டும் ரிங் என்றால் மோதிரம் என்று படம் போட்டிருந்தார்கள். அது படித்தவர்களின் ரிங் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டு ரிங் குவைத்திலிருந்து வந்தது. அம்மா அங்கே ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தைக்கு மேலே இருந்த றப்பர் தோட்டத்தில் நானும் தம்பியும் அப்பாவும் இருந்தோம். எனக்கு எட்டு வயது, தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அப்பா றப்பர் பால் வெட்டுகிறவர். மரத்தில் அளவெடுத்தாற்போலக் கோடு போடுவார். என் தலையில் வகிடு எடுக்கச் சொன்னால் மட்டும் அது காட்டுப்பாதை மாதிரி எங்கெங்கோ போய்விடும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரிங் வரும். ஜன்னல் கட்டையில் ஒரு மூலையில்தான் கவரேஜ் உண்டு, போனை அங்கே படுக்கவைத்துவிட்டு மூவரும் காத்திருப்போம். "ரிங் வந்தா அம்மா நல்லா இருக்கேன்னு அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தா என் காசு வெட்டுப்படும்" என்று அம்மா போனபோதே சொல்லியிருந்தாள். மாதத்துக்கு ஒரு தரம் ரிங்கை வெட்டாமல் அவளே பேசுவாள். மற்ற நாட்களில் ரிங்தான். திரையில் அம்மா என்று பெயர் மின்னும், மணி ஒலிக்கும், நின்றுவிடும். தம்பி போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நானும் நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

ஒரு மழைக்காலத்தில் ரிங் நின்றுபோனது. முதல் நாள், கவரேஜ் இல்லை என்றார் அப்பா. மறுநாளும் அதையே சொன்னார். ரிங் வந்தால்தான் சோறு என்று தம்பி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டான். அவனை ஏமாற்ற, பிட்டைப் பிசைந்து யானை செய்தேன், பஸ் செய்தேன். அவன் யானையையும் தின்னவில்லை, பஸ்ஸையும் தின்னவில்லை.

ஒரு காலையில் அப்பா வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். இருட்டும் முன்னே திரும்பி வந்தார். அடுத்த நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் மின்னியது. அம்மா! நானும் தம்பியும் கைதட்டிக் குதித்தோம்.

"பாத்தீங்களா, அம்மா நல்லா இருக்கு" என்றார் அப்பா. தம்பி அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினான்.

அதற்குப் பிறகு ரிங் தவறவேயில்லை. மாதப் பேச்சுத்தான் வரவில்லை. அந்த வீட்டு மேடம் பேச விடுவதில்லையாம் என்று அப்பா சொன்னார். முகம் தெரியாத மேடத்தை நானும் தம்பியும் வாயில் வந்தபடி திட்டினோம்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், அம்மாவின் சத்தம் வேண்டும் என்று அவன் அடம்பிடித்தான். அப்பா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ரிங் வந்தது. வெட்டுப்படும் முன் பாய்ந்து எடுத்துக் காதில் வைத்து, "அம்மா!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அதற்கும் பின்னால் ஒரு பஸ் உறுமியது. கொண்டக்டர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: "ரத்னபுர, பெல்மடுல்ல, கஹவத்த! நகின்ன, நகின்ன!" ஏறு ஏறு என்று எங்கள் டவுனில் கேட்கும் அதே சிங்களம், அதே அவசரம். போன் வெட்டுப்பட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குவைத்தில் கஹவத்தை பஸ் நிற்கிறது! கடலை எப்படித் தாண்டும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. இரத்தினபுரியில் வெள்ளம் வந்தால் பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தவள் நான். அப்பா வாளியோடு வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா, அம்மா இருக்கிற ஊர்லருந்து நம்ம ஊருக்கு நேரா பஸ் இருக்குப்பா!"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "போன எடுத்தியா? யாரு பேசுனாங்க?"

"கொண்டக்டர் மட்டுந்தான்ப்பா."

அடி விழும் என்று நினைத்தேன். அவர் ஈரக் கையால் என் தலையைத் தடவி, "பஸ் இருந்தா அம்மா வந்துரும். இனிமே எடுக்காதம்மா" என்றார். மறுநாளிலிருந்து நானும் தம்பியும் சந்திக்குப் போய் பஸ்ஸைப் பார்த்து நின்றோம். சில நாள் அப்பாவும் குடையோடு வந்து, இறங்குகிற எல்லாரையும் எங்களோடு சேர்ந்து பார்த்தார்.

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்பு ஒரு பகலில் போன் அடித்தது. பெயர் வரவில்லை, நீளமான ஒரு நம்பர்தான். ரிங் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கூடாது என்ற சட்டம் எங்களுக்கு நினைவிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தோம். அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தார். நெடுநேரம் காதில் வைத்தபடி நின்றார். கடைசியில், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். போனை உடனே என்னிடம் கொடுத்தார்.

"அம்மா, எந்த பஸ்ல வர்றீங்க?" என்றேன். அம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பொங்கல் முடிந்து வந்து சேர்ந்தாள்.

எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் மாமா இதைச் சொன்னார். அம்மாவின் தம்பி அவர், அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. குவைத்து வீட்டில் அம்மாவின் போனைப் பறித்து, அவளை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று அனுப்பிய ஏஜென்சிக்காரருக்கே தெரியவில்லை. அப்பா டவுனுக்குப் போய் மாமாவுக்குப் பேசி, அவருடைய நம்பரை எங்கள் போனில் அம்மா என்று மாற்றிப் போட்டிருந்தார். தினமும் கடை வேலைக்கு நடுவில் கொழும்பு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடிவந்து ரிங் கொடுத்தது மாமா. பொங்கலுக்கு முன்பு அடித்த அந்த நீளமான நம்பர்தான், அம்மா அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததும் எடுத்த முதல் அழைப்பு.

"நீ அம்மான்னு கத்துன பாரு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றார்.

ரிங் வந்து நாங்கள் கைதட்டும்போதெல்லாம் அப்பா போனைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று அந்த எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாமல், அம்மா நல்லா இருக்கு என்று தினமும் எங்களுக்குச் சொன்னார் அவர். அதை அவருக்குச் சொல்ல, அத்தனை நாளும் யாரும் ஒரு ரிங் கொடுக்கவில்லை.