உம்மா ஊதிய விசில்

1. எத்தாளை மைதானத்தில் நடந்த ஆண்கள் கால்பந்தாட்டத்துக்கு நான் நடுவர். பெனால்டிக்கு விசில் ஊதினேன்.
2. கோல் காப்பாளன் மூலைக் கொடிக் கம்பைப் பிடுங்கி வந்து பின்னாலிருந்து என் பிடரியில் அடித்தான்.
3. விழுந்த பிறகு விலாவில் உதைத்தான். வாய்க்குள் மணலும் இரத்தமும் நறநறத்தன.
4. எனக்குத் தையல் போட்டார்கள். அவனுக்குத் தடை போட்டார்கள்.
5. நடுவர்களுக்கான உடற்தகுதிச் சோதனைக்குத் திகதி வந்தது. தேறாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க எனக்கு ஆட்டம் இல்லை.
6. தூக்கம் போனது.

மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஆலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. இயந்திரம் நின்றால் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பேன். தூக்கத்தையும் அப்படியே பார்த்தேன். பின்னேரத் தேநீரை நிறுத்தினேன். தொலைபேசியை வெளி அறையில் வைத்தேன். கடற்கரையில் எதிர்காற்றில் ஓடினேன். கால் களைத்தது, தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் விசில் கேட்கும், உடனே கம்பு இறங்கும்.

பழுது அங்கேதான் இருந்தது. சோதனையில் ஒவ்வொரு ஓட்டமும் இன்னொருவர் ஊதும் விசிலில்தான் தொடங்கும். கேட்டதும் ஓட வேண்டும். என் உடலோ தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தது.

விசிலை உம்மாவிடம் கொடுத்தேன்.

"நான் நினைக்காத நேரம் பின்னால வந்து ஊதுங்க."

"பைத்தியமா புள்ள ஒனக்கு? பக்கத்து வீட்டார் என்ன நினைப்பாங்க?"

"உள்ளுக்கு மெட்ச் நடக்குதெண்டு நினைக்கட்டும்."

உம்மா ஊதினார். துணி காயப்போடும்போது, தலை வாரும்போது, சோறு வடிக்கும்போது. ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். காதருகே விசில். இந்த முறை குனியவில்லை. திரும்பிய வேகத்தில் என் முஷ்டி உம்மாவின் வாயில் விழுந்தது. கத்தி மற்றக் கையில் இருந்தது.

உதடு பிளந்து, முன்பல் ஒன்று ஆடியது. விசிலிலிருந்து இரத்தம் சொட்டியது. கத்தியைத் தொட்டிக்குள் போட்டேன். உம்மா குழாயடியில் வாயைக் கொப்பளித்தார், விசிலையும் கழுவினார்.

"கை நல்லாத்தான் ஈக்கிது. அண்டைக்கு இத அவன்ட மூஞ்சில போட்டிருக்கலாமே, மகள்."

"இனி ஊத வேணாம், உம்மா."

"ஊதுவன். கத்தி இல்லாத நேரம் பாத்து."

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: விசில் கேட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசல் கேற் வரை ஓட வேண்டும். வீங்கிய உதட்டோடு உம்மா ஊதினார். நான் ஓடினேன்.

சோதனைக்கு முந்திய இரவு கொஞ்சம்தான் தூங்கினேன். முதல் விசிலுக்குக் குனிந்துவிட்டேன். கோட்டுக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். எச்சரித்தார்கள். இன்னொரு தடவை பிந்தினால் வெளியே. அடுத்த விசிலுக்கு, எல்லைக் கோட்டில் அவன் நிற்கிறான், அவன் முகத்தை உடைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடைத்தேன். அதற்குப் பிறகு பிந்தவில்லை.

தேறிவிட்டேன். உம்மாவின் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அவனுடைய தடை முடிந்துவிட்டது. வரும் ஞாயிறு அவனுடைய அணி ஆடுகிறது; நடுவராக என்னைப் போட்டிருக்கிறார்கள். வருவதாகச் சொல்லிவிட்டேன். தூக்கம் இன்னும் சரியாகவில்லை.