டைட்டில் பாட்டில் அம்மா இல்லை

அந்தத் தொடரை எழுதியவன் எவன் என்று எனக்குத் தெரியாது. கையில் கிடைத்தால் சண்டை போடுவேன். இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அப்போது நாங்கள் கழக்கூட்டத்தில், பைபாஸை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒரு ஓட்டலில் டீ மாஸ்டராக இருந்தார். அம்மா சாலைக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடியிருந்த ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்தாள். அண்ணனும் நானும் பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ் சானல் என்று வளர்ந்தோம்.

அந்தச் சானலில்தான் சனிக்கிழமை காலையில் அது வரும். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சக்தி வந்துவிடும். ஒருவன் பறப்பான். ஒருத்தி தீயைக் கையில் பிடிப்பாள். நான் சொல்வது புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்த வாரத்தை. யாருடைய கையைத் தொட்டாலும் அவர்கள் எப்படிச் சாவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். முழுதாகத் தெரியாது. உடைந்த கண்ணாடி, சிவப்பு விளக்கு, ஒரு செருப்பு என்று துண்டு துண்டாகத் தெரியும். அவள் விளையாட்டு மாஸ்டரின் கையைத் தொட்டாள். விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அண்ணன் இதிலெல்லாம் பெரிய ஆள். விளம்பரம் முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

"டைட்டில் பாட்டுல மூஞ்சி வாறவங்க சாவ மாட்டாங்கட்டி. இந்த மாஸ்டர் பாட்டுல உண்டா? இல்லல்லா? அப்போ ஆளு தீர்ந்து."

"வேற எப்படித் தெரியும்?"

"கூடுதலாட்டு சிரிப்பாங்க. இல்லன்னா யாருக்காவது எதையாவது சொல்லிக் குடுப்பாங்க. பாத்தல்லா, அந்தப் பையனுக்குக் கயிறு கட்டப் படிப்பிச்சுக் குடுத்தாரு. சிரிக்கவும் செஞ்சாரு. ரெண்டும் ஆச்சு."

அண்ணன் சொன்னதில் பாதிதான் நடந்தது. அந்தப் பெண் எல்லோரிடமும் போய்ச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. அவளே கடைசி நிமிஷத்தில் ஓடிப்போய் மாஸ்டரை இழுத்துத் தள்ளினாள். லாரி தாண்டிப் போனது. எல்லோரும் சிரித்தார்கள், பாட்டு வந்தது. முன்கூட்டியே தெரிந்தால் தடுத்துவிடலாம் என்று நான் புரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் சில நாட்களில் அம்மா எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுத்தாள்.

அதுவரை அவள்தான் பின்னிவிடுவாள். அன்றைக்குச் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். "கண்ணாடி பாக்காத மக்ளே. வெரலுக்குத் தெரியணும்" என்றாள். பின்னல் கோணிப் போனது. அம்மா சிரித்தாள். வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தாள். அண்ணன் சொன்ன ரெண்டும் ஆச்சு.

அந்த வாரமே அப்பாவை அடுப்புப் பக்கம் நிறுத்திச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஓட்டலில் நாள் முழுக்க டீ போடுகிற மனிதருக்கு வீட்டில் கஞ்சி வடிக்கத் தெரியாது. கையைச் சுட்டுக்கொண்டு, "இதெல்லாம் எனக்கு எதுக்குளா?" என்று கத்தினார். அம்மா கைப்பிடித் துணியை மடித்து நீட்டினாள். அப்பா அதை வாங்கி மறுபடி பானையைப் பிடித்தார். இப்போது நினைத்தால், பதில் தெரிந்துதான் கத்தியிருக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது போட்டோ. அலமாரியில் ரிப்பன் தேடும்போது கையில் கிடைத்தது. அதில் அம்மா மட்டும், தனியாக, வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் தனியாக நின்று போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில், கோவிலில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எடுப்பார்கள். தனி முகம் என்றால் அது செத்துப்போனவர்களுடையது. கல்யாணப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, மாலை போட்டு, சின்ன பல்பு எரிய விடுவார்கள். அம்மா தனக்கானதைத் தானே எடுத்து வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அண்ணனிடம் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு டைட்டில் பாட்டு இருந்தா, அம்மா அதுல வருவாளா?"

"அம்மா எப்பளும் சமையக்கட்டுல நிப்பா. யாரு காமிப்பா?" என்று சிரித்தான். அன்றைக்கு அவனை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

சாவு எங்கிருந்து வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பைபாஸிலிருந்துதான். ஒவ்வொரு நாள் காலையும் அம்மா அதைக் குறுக்கே கடந்துதான் வேலைக்குப் போனாள். நானும் கூடப் போக ஆரம்பித்தேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, அங்கே சும்மா நிற்கிற யாரையாவது கெஞ்சி இந்தப் பக்கம் திரும்பி வருவேன். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகும். அடி விழும். பக்கத்து வீட்டுச் சேச்சி, "எந்தா மோளே, அம்மய்க்கு நீயாணோ போலீஸ்?" என்று கேலி செய்தாள். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு நடந்தேன். சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பதைத் தொடரே காட்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னை மட்டும் பழவங்காடி கோவிலுக்குக் கூட்டிப்போனாள். கணபதிக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாளாம். "எனக்கும் ஒண்ணு வேணும்" என்று கடை வாசலில் அழிச்சாட்டியம் பண்ணினேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தாள்.

தேங்காயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேண்டினேன். அம்மா சாகக்கூடாது. வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். ஓங்கி எறிந்தேன். சிதறிப்போனது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், "கொள்ளாம் மோளே!" என்று மெச்சினார்.

அம்மாவின் தேங்காய் உடையவில்லை. கல்லில் பட்டு முழுசாக உருண்டு வந்தது. என் உயிரே போய்விட்டது. அம்மாவின் முகமும் வெளுத்துவிட்டது. குனிந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அவள் உதடு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. மறுபடி எறிந்தாள். உடைந்தது. நான் கைதட்டிக் குதித்தேன்.

"நீ என்னம்மா கேட்ட?"

"நல்லது நடக்கணும்னு கேட்டேன். நீ?"

"அதேதான்."

பொய் இல்லை. இரண்டு பேருமே நல்லதைத்தான் கேட்டோம். கணபதி இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டார். அந்த மாதமே அம்மாவுக்கு விசா வந்தது.

குவைத்தில் ஒரு வீட்டு வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் என்னிடம் சொன்னார்கள். என்னிடம் மட்டும்தான் மறைத்திருந்தார்கள். அண்ணனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அலமாரியில் இருந்த போட்டோ பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததாம். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அழுவேன் என்று. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பிளேன் கீழ விழுமா?"

"விழாது மக்ளே."

அதோடு எனக்குத் திருப்தியாகிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன தொடரில் ஆள் சாகாவிட்டால் கதை முடிந்தது. பாட்டு வந்துவிடும். உயிரோடு ஒருத்தி போய்விடுவாள், மற்றவர்கள் தினமும் சோறு வடித்துத் தின்றுகொண்டு இருக்கவேண்டியிருக்கும் என்று அந்த எழுத்தாளன் எந்த வாரத்திலும் எழுதவில்லை.

அம்மா போன வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதற்குத் தினமும் தலை பின்னிவிட்டது என் அம்மாதான். போனில் ஒருமுறை அவளே பெருமையாகச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். லீவில் அவள் வந்தபோதெல்லாம் நான் வேறு உயரத்தில் இருந்தேன். அவள் மொத்தமாகத் திரும்பி வந்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தேன். இப்போது அதே கழக்கூட்டத்தில், அவள் தரை துடைத்தது போன்ற ஒரு ஃபிளாட்டில் என்னோடுதான் இருக்கிறாள். உள்ளே தூங்குகிறாள். ஆனாலும் மனம் அவளுக்காக ஏங்குகிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலோடு வீட்டில் இருப்பாளே, அந்த அம்மா வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

அம்மாவை வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் அப்பா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணன் மூக்கு வழிய அழுதான். நான் அழவில்லை.

"ஏட்டி, ஒனக்கு அழுகையே வரலியா? நீ என்ன கல்லா?" என்றான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா திரும்பி நின்று, கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் அன்றைக்கு நானே தலை பின்னியிருந்தேன், கோணல் இல்லாமல். அவளுக்குத் தெரியட்டும் என்று பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். அப்புறம் எம்பி எம்பிக் குதித்து, வாயெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு.