வளைவுகளுக்குப் பெயர் வைத்த அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அவர் வாயால் பட்டப்பெயர் வாங்கியவர்கள். ஆகவே இதை அழுதுகொண்டே படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சவ்வாது மலையில், சாமைக் கொல்லையை ஒட்டிய எங்கள் வீட்டில் பிறந்தவர் அண்ணன். அப்பா தவறியபோது அவருக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தார், புளி உலுக்க மரமேறினார், என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்தார். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். மூன்றாம் நாள் அவரே வந்து, "சோறு ஆச்சா?" என்பார். அதுதான் சமாதானம்.

என் மகள் யாழினிக்குப் பிறவியிலேயே வலது பாதம் உட்புறமாக மடங்கியிருந்தது. அவளுடைய ஒன்றரை வயதில் வேலூர் மருத்துவர் வழி சொன்னார். வாரம் ஒருமுறை பாதத்தைச் சிறிது நேராக்கி, புது மாவுக்கட்டு போட வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் பாதம் பழையபடி திரும்பிவிடும். கட்டு நனையவே கூடாது. என் கணவர் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தார். நான் திகைத்து நின்றேன். "நான் வர்றேன், வுடு" என்றார் அண்ணன்.

முதல் பயணத்திலேயே ஒரு தப்பு செய்தார். வெறும் வயிற்றோடு மலையிறங்கினால் பிள்ளைக்கு வாந்தி வராது என்று எவரோ சொன்னதை நம்பி, என்னைப் பாலும் கொடுக்கவிடவில்லை. பேருந்து கண்ணமங்கலம் வந்து சேரும்வரை யாழினி வீறிட்டு அழுதாள். அங்கே பன் விற்ற அம்மா ஜன்னலோரம் வந்து, "இன்னா மனுசன்யா நீ? பச்சக் கொயந்தைய பட்னி போட்டு இட்டுகினு வர்றியே!" என்று பிடித்துக்கொண்டார். ஊரையே வாயடைக்கவைக்கும் அண்ணன் அன்று தலையைக் குனிந்துகொண்டு அவரிடமே ஒரு பன் வாங்கினார். மறுவாரம் முதல் பிளாஸ்க்கில் சாமைக் கஞ்சி வந்தது. அதை வேறு யாரும் தூக்கிவர விடமாட்டார்.

மலைப்பாதை வளைவுகளில் பிள்ளை சிணுங்காமல் இருக்க ஒவ்வொரு வளைவுக்கும் உறவினர் ஒருவரின் பெயரை வைத்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வளைவு, பெரியத்தை. முடிகிறது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்குவது, சித்தப்பாவின் பேச்சு. இருவரும் மன்னிக்க வேண்டும். யாழினி பேசப் பழகியதே இந்தப் பெயர்களைச் சொல்லித்தான்.

ஒரு வாரம் மழையில் மரம் சாய்ந்து பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லாரும் ஊருக்குத் திரும்ப, நானும், "போய்ட்லாம் அண்ணா" என்றேன். அவர் யாழினியின் காலில் உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினார். "இத்தினி வாரம் வந்தது எதுக்கும்மா? நட" என்றார். அவளைத் தோளில் வைத்து, தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலின்மேல் போர்த்திக்கொண்டு, அடிவாரத்தில் வேறு பேருந்து கிடைக்கும் சந்தவாசல் வரை நடந்தார். வழியெல்லாம் வளைவுகளின் பெயரைக் கத்திக்கொண்டே வந்தார்கள் இருவரும். மருத்துவமனையில் அண்ணன் தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். கட்டு மட்டும் காய்ந்திருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பத்து வாரங்கள். ஒன்றுகூடத் தவறவில்லை.

சென்ற ஆண்டு அதே பாதையில் அண்ணனைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றோம். எந்த வளைவுக்கும் அசையாதவருக்குத் தலை சுற்றியது. பத்து வயது யாழினி பக்கத்தில் அமர்ந்து, உப்பு வைத்த புளியை அவர் வாயில் கொடுத்து, "பெரியத்தை வர்றாங்க மாமா, கெட்டியா புடிச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணன் சிரித்தார். நான் கண்ட கடைசிச் சிரிப்பு அது. நான்காம் நாள் எங்களை விட்டுப் போனார்.

கடைசி நாட்களில் கண் துஞ்சாமல் கவனித்த அண்ணிக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். வண்டி அமர்த்தியவர்களும், படவேட்டிலிருந்து முதல் பேருந்தில் ஓடிவந்த சொந்தங்களும், குழி வெட்டிய தம்பிமார்களும் எங்கள் நெஞ்சில் இருப்பார்கள். பெயர் தெரியாத அந்தக் கண்ணமங்கலத்து அம்மாவுக்கும் என் வணக்கம்.

ஊர்ப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. இறுதி ஊர்வலத்தில் பெண்பிள்ளைகள் ஊர் எல்லையோடு நின்றுவிடுவது நம் வழக்கம். யாழினி நிற்கவில்லை. நீங்களும் தடுக்கவில்லை. "தூரம் ஜாஸ்திம்மா, கால் வலிக்கும். யாராவது தூக்கிக்கங்கப்பா" என்று மட்டும் சொன்னீர்கள்.

"வாணாம். மாமா என்னைத் தூக்கினு போனதே நான் நடக்கத்தான்" என்றாள் அவள். இடுகாடு வரை அண்ணனுக்குப் பின்னால் நடந்துபோனாள். நடந்தே திரும்பி வந்தாள்.