மடியில் புகைந்த பெட்டி

புதூர்நாட்டு மலையிலிருந்து ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். காலடியில் விற்க இரண்டு பலாப்பழம். வண்டியே மணந்தது, அதை விடுங்கள். பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் தெர்மாகோல் பெட்டி. குழி வரும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிப் பிடிப்பாள். மூடி இடுக்கில் புகை வந்தது. என் மார்புக் கட்டியை யாரிடமும் காட்டாதிருந்த நாட்கள். எதைக் கண்டாலும் பயம்.

"இன்னாம்மா, புகையுது?"

"ட்ரை ஐஸ்தான் பாட்டி, அது புகையும். உள்ள மனுஷ புரோட்டீன், ஆராய்ச்சிக்கு."

"மனுஷன அறுத்தா எடுத்தது?"

"ஐயோ, இல்ல. கிருமிக்குள்ள வளத்து எடுக்கறது."

"பாலுக்கு ஒறை ஊத்தறாப்பலயா?"

"அப்படியே வெச்சிக்கோங்க. ஒடம்புல உயிரணு எப்ப ரெண்டாவணும்னு இதுதான் சொல்லும்."

"சொல்லிக்கினே இருந்தா?"

"கட்டியாவும்" என்றவள், என் கை மார்புக்குப் போனதைப் பார்த்துவிட்டாள். "எல்லாக் கட்டியும் கெட்டதில்ல பாட்டி. காட்டாம தெரியாது."

திருப்பத்தூரில் அவள் என்னைச் சந்தைக்குப் போக விடவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் கூப்பிடும்வரை பெட்டியோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். புகை நின்றுபோயிருந்தது.

"ஐஸ் கரஞ்சிடுச்சேம்மா, கெட்டுப்பூடாதா?"

"நீங்க உள்ள போங்க பாட்டி."

வெளியே வந்தபோது அவள் இல்லை. பேர்கூடக் கேட்கவில்லை. கட்டியை எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன ஆனதோ என்று நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.